தலைவருக்குப் பின்னால் ஹெட்விக்

பெர்லினில் எங்கள் பின்கட்டு மூன்றாம் மாடிக்காரி ஹெட்விக். சலவைக்கடையில் இஸ்திரி போட்டு வயிறு கழுவினாள். கணவன் எமில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். ஊரே பேசிய புதுப்பாணிப் படமொன்றைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி மனைவியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினான்: ஆண்பிள்ளைக் கிராப்பு, விரலிடுக்கில் சிகரெட், முறம் போன்ற கைகள், எடுப்பான பல்.

"என்னைப் பேயாக்கிட்டியே, பாவி!"

"உள்ளது உள்ளபடிதான்டி."

திட்டிக்கொண்டே பொன்பூச்சுச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டினாள்.

பிறகு அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அப்படிப்பட்ட ஓவியமெல்லாம் தேசத்துக்கே கேடு என்றார்கள். எமிலுக்கு வாய் சும்மா இருக்காது, பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் சாம்பல்தான் தபாலில் வந்தது. நாசமாய்ப் போகிறவர்கள்!

"அவன் கைபட்டது இது ஒண்ணுதான் மிச்சம்" என்று படத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

குளிர்கால ஞாயிறுகளில் எல்லார் வீட்டிலும் ஒற்றைப்பானைச் சாப்பாடுதான் என்பது உத்தரவு. பானையை மோந்து பார்த்து, அதில் மிச்சமான காசைக் கட்சிக்கு வசூலித்துப் போகத் தெருப் பொறுப்பாளன் கிரெஷ்மர் வருவான். அவன் கண்ணில் படாமலிருக்க, ஓவியத்தின் மேலேயே கட்சித் தலைவரின் அச்சுப்படத்தை வைத்து, அதே சட்டத்தில் நானும் அவளும் ஆணியடித்தோம். பெரிய புத்திசாலிகள் என்று நினைப்பு!

கிரெஷ்மர் வாயைப் பிளந்தான். "அடேயப்பா, என்னா சட்டம்! தலைவரைச் சமையலறையிலயா வைக்கிறது? கட்சி ஆபீஸ்ல இருக்கவேண்டியவரு."

கழற்றியே விட்டான். முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

"பார்த்து எடுத்துட்டுப் போங்க, ஐயா" என்றாள் ஹெட்விக்.

மறுவாரமே அந்த ஆபீசைப் பெருக்கித் துடைக்கும் வேலையைக் கேட்டு வாங்கினாள்.

"புருஷனைக் கொன்னவங்க எச்சில் தட்டைக் கழுவுறா, வெட்கங்கெட்டவ" என்று தெரு தூற்றியது. ஏழெட்டு வருஷம் கேட்டுக்கொண்டாள். அவள் எதைத் துடைக்கப் போகிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரஷ்யர்களின் பீரங்கிச் சத்தம் நெருங்கிய அன்று, கிரெஷ்மர் கொடி, காகிதம், படம் எல்லாவற்றையும் ஆபீஸ் முற்றத்தில் குவித்துக் கொளுத்தினான். ஹெட்விக் ஓடினாள், பின்னாலேயே நானும்.

"ஐயா, அதைப் போடாதீங்க! பின்னால என் எமில் வரைஞ்சது இருக்கு!"

"பைத்தியமாடி உனக்கு? இந்த மூஞ்சி இங்க அகப்பட்டா ரஷ்யன் நம்மளைச் சுட்டுத் தள்ளுவான்!" என்று அவளைப் பிடித்துத் தள்ளினான்.

அச்சுத்தாள் முதலில் கருகி உதிர்ந்தது. அடியில் அவள் முகம் தெரிந்தது. நெருப்புக்குள் கையை விட்டாள். நான் இழுப்பதற்குள் வண்ணம் குபீரென்று பிடித்துக்கொண்டது.

கிரெஷ்மர் குனிந்து பார்த்தான்.

"அட, நீதானா இது? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான்.