ஸ்னோ புளோவரும் கழுத்துச் சோதனையும்

ரொறன்ரோவுக்கு வடக்கே, வயல்களும் புதிய வீட்டுத் திட்டங்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும் எல்லையில், விவசாய இயந்திரங்கள் விற்கும் கடையொன்றில் நான் ஓய்வுபெறும்வரை பணியாற்றினேன். வாடிக்கையாளரிடம் இருக்கும் ட்ரக்டருக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று சொல்வதே என் பொறுப்பு. குளிர்காலத்தில் அநேகமாக எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டு வருவார்கள்: ட்ரக்டரின் பின்னால் பூட்டி, வீதியிலிருந்து வீடுவரை வரும் ட்ரைவ்வேயின் பனியை வாரி எறியும் ஸ்னோ புளோவர்.

சென்ற இலையுதிர் காலத்தில் அந்தக் கேள்வியை நான் எனக்காகவே கேட்க நேர்ந்தது. பழைய புளோவரின் கியர்பொக்ஸ் இறுகிப் போயிருந்தது. நான் தனியாக இருந்தேன். மில்லிக்கனில் வசிக்கும் என் மகள் அபிராமி ஒரு நிபந்தனை விதித்தாள். அந்த நீண்ட ட்ரைவ்வேயை நான் ஒருவனாகப் பாதுகாப்பாகத் துப்புரவாக்க முடிந்தால் வீட்டில் இருக்கலாம். முடியாவிட்டால் முதல் பனிக்கு முன் அவளுடைய வீட்டுக்குப் போய்விட வேண்டும். "அம்புலன்ஸ் வரவேண்டி வந்தா அது எப்பிடியப்பா உள்ளுக்கு வரும்? Be practical," என்றாள். நியாயமான கேள்வி. ஒப்புக்கொண்டேன்.

இத்தகைய வீடுகளை இப்போது நம்மவர் பலர் வாங்குகிறார்கள். அவர்களுக்குப் பயன்படலாம் என்று எண்ணி, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள்

நான் இயந்திரப் பொறியியலில் முதுகலை படித்தவன். ஊரில் பல்கலைக்கழகத்தில் வெப்பவியக்கவியல் கற்பித்தவன். கடையின் முதலாளி கிரெக் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் நாள் காலை அவர் என்னிடம் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. முற்றத்தில் நின்ற ட்ரக்டரில் ஏறி உட்காரச் சொன்னார். பிறகு, பின்னால் திரும்பி புளோவரைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கோப்பி குடித்து முடித்து வரும்வரை நான் அப்படியே இருந்தேன்.

"கழுத்து எப்படி இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வலிக்கிறது."

"நல்லது. இனி நீ இதை விற்கலாம்."

அந்த வலியில் எனக்கு ஓர் ஆர்வம் பிறந்தது. பனி முன்னால் கிடக்கிறது. அதை எடுக்கும் கருவியை ஏன் பின்னால் பூட்டுகிறார்கள்? விடை ட்ரக்டரின் பிறப்பில் இருக்கிறது. அது கலப்பையை இழுப்பதற்காக உருவானது. ஆகவே எஞ்சினின் சுழற்சியை வெளியே கொண்டுவரும் பி.ரி.ஓ. தண்டும், கருவியைத் தூக்கி இறக்கும் மூன்று கைகளும் பின்னால்தான் இருக்கின்றன. முன்னால் புளோவர் பூட்ட வேண்டுமானால் அதற்கென்று தனி அமைப்பு தேவை, செலவும் கூடும். எனவே சாதாரணக் குடும்பம் பின்புற புளோவரை வாங்கி, ரிவேர்ஸில் ஓட்டுகிறது. இயந்திரம் வசதியாக இருக்கிறது. மனிதன்தான் திரும்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் கேட்கும் கேள்விகள் காலப்போக்கில் ஓர் ஒழுங்குக்கு வந்தன. எஞ்சினின் குதிரைவலு அல்ல, பி.ரி.ஓ.வில் கிடைக்கும் வலு என்ன? பின்சக்கரங்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை எவ்வளவு அகலம்? புளோவர் அதைவிடக் குறுகலாக இருந்தால் சக்கரம் பனியின்மேல் ஏறும். எஞ்சின் முழு வேகத்தில் சுழலும்போதே ட்ரக்டர் ஊர்ந்து போகக்கூடியதா? தரை தாரா, சரளைக் கல்லா? கல்லென்றால் அடியில் இருக்கும் சறுக்குக் கட்டைகளை இறக்கி, புளோவரின் வாயைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பனியோடு கல்லும் பறக்கும். காற்று எந்தப் பக்கம்? எறியும் பனி யாருடைய காணியில் விழும்?

கடைசியாகக் கழுத்து. கிரெக் எனக்குச் செய்ததை நான் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் செய்தேன்.

லொறிக்காரரும் இரண்டு கண்ணாடிகளும்

பிறம்ரனில் லொறி ஓட்டிய சிவநாதன் என்பவர், யூனியன்வில்லுக்கு வடக்கே காணியோடு ஒரு வீடு வாங்கியிருந்தார். ட்ரக்டர் வீட்டோடு வந்தது. மனைவி கௌரியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அண்ணை, இருக்கிறதிலேயே பெரிசாத் தாங்கோ," என்றார்.

"உங்கட ட்ரக்டர் சின்னது, தம்பி. பெரிய புளோவரைச் சுத்த அதுக்கு வலு காணாது."

"உது பார்க்கச் சின்னனாக் கிடக்கு அண்ணை. வாற வருசம் மகளின்ர சாமத்தியவீடு. மண்டபத்துக்குப் போக முதல் சனம் முழுக்க வீட்டை வரும். கார் ரெண்டு வரிசையா நிக்க வேணும்."

"சாமத்தியவீடு எந்த மாதம்?" என்று அந்தப் பூப்பு விழாவின் நாளை விசாரித்தேன்.

அவர் மனைவியைப் பார்த்தார்.

"ஆடிக்கு முதல் வைக்கிறம்," என்றார் கௌரி. "ஆனி மாசத்தில இவர் ஸ்னோ தள்ளப் போறாராம்."

நம்மவரிடம் மட்டுமே நான் கண்ட பிழை இது. வீடு, வாகனம், புளோவர், எதுவானாலும் அன்றாடத் தேவைக்கு அளந்து வாங்குவதில்லை. வருடத்தில் ஒரு நாள் வரும் சனத்துக்கு அளந்து வாங்குவோம். விருந்தினர் எண்ணிக்கையைக் கொண்டு இயந்திரத்தின் அகலத்தைத் தீர்மானிக்கும் வேறு சமூகத்தை அந்தக் கடையில் நான் பார்த்ததில்லை.

சிவநாதனை ட்ரக்டரில் ஏற்றிப் பின்னால் பார்க்கச் சொன்னேன். அவர் தலையைத் திருப்பவேயில்லை. கண்களை மட்டும் இடமும் வலமும் அசைத்தார்.

"கண்ணாடி எங்கை அண்ணை? நான் ஐம்பத்து மூண்டு அடி ட்ரெயிலரைக் கண்ணாடியில பார்த்துத்தான் ரிவேர்ஸ் எடுக்கிறன். ரெண்டு கண்ணாடி பூட்டித் தாங்கோ, காணும்."

"கண்ணாடியில புளோவரின்ர ரெண்டு ஓரமும்தான் தெரியும். நடுவில என்ன கிடக்குதெண்டு தெரியாது. கழுத்தைத் திருப்புங்கோ."

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நான் கூப்பிட்டுத் திரும்பாத கழுத்து," என்றார் கௌரி. "நீங்கள் சொல்லியே திரும்பப் போகுது?"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தோம், சிவநாதனும் சிரித்தார். அப்போதுதான் நான் கேட்டேன்: "உண்மையில ஆர் ஓட்டப்போறியள்?"

"நான்தான்," என்றார் அவர்.

"கிழமையில அஞ்சு நாள் இவர் ரோட்டில," என்றார் கௌரி. "பிள்ளையளை ஸ்கூலுக்குக் கொண்டுபோறது நான். அப்ப ஆர் ஓட்டுறது?"

கௌரியே ஏறி உட்கார்ந்தார். ஜக்கெற்றின் தொப்பியைக் கழற்றிப் பின்னால் தள்ளிவிட்டு, இருக்கையில் சற்றுச் சரிந்து, தோளோடு சேர்த்து முழு உடம்பையும் திருப்பினார். கழுத்தை மட்டும் திருப்புகிறவர்களுக்கு விரைவில் வலிக்கும். அவர் திருப்பியது சரியான முறை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சக்கர அகலத்துக்குச் சற்றே கூடிய ஒரு புளோவரைத் தெரிவு செய்து கொடுத்தேன். சிவநாதன் போகும்போதும் அந்தப் பெரிய மொடலைத் தடவிவிட்டுத்தான் போனார்.

எங்கள் வீட்டில்

எங்கள் வீட்டின் ட்ரைவ்வே சரளைக் கல். வீதியிலிருந்து சற்று வளைந்து சமையலறைச் சாளரத்தடியில், கராஜ் கதவருகே வந்து முடியும். நான் முதலில் பனியினூடே வீதிவரை முன்னோக்கி ஓட்டிப் போவேன். பிறகு புளோவரை இறக்கி, வீட்டை நோக்கி ரிவேர்ஸில் வருவேன். அந்த நேரம் முழுவதும் என் முகம் வீட்டைப் பார்த்தபடி இருக்கும்.

சாளரத்தில் என் மனைவி யோகராணி நிற்பாள். பனிக்கடியில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். பத்திரிகை எங்கே விழுந்தது, பூச்செடியைச் சுற்றி வைத்த கற்கள் எங்கே, காற்று எந்தக் குப்பைத் தொட்டியை உருட்டியது என்பதையெல்லாம் பார்த்து வைத்திருப்பாள். ஏதாவது குறுக்கே இருந்தால் சமையலறை விளக்கை அணைத்து அணைத்துப் போடுவாள். நான் நிறுத்துவேன். இத்தகைய புளோவர்களில் கல்லோ கட்டையோ அகப்பட்டால், பெரிய சேதம் வராமல் தானே முறிந்து கொடுக்கும் ஒரு சிறிய போல்ற் உண்டு. சியர் பின் என்பார்கள். அது அடிக்கடி முறியும் என்று வாடிக்கையாளர்கள் முறையிடுவார்கள். எங்கள் வீட்டில் முறிந்ததில்லை. அது இயந்திரத்தின் தரம் என்று நான் கணித்திருந்தேன்.

யோகராணி சென்ற புரட்டாதியில் காலமானாள்.

சோதனைக்கு நான்

பழைய கடைக்கு அபிராமியே என்னைக் காரில் கூட்டிப் போனாள். கிரெக் கடையை விற்றுவிட்டுப் போய்விட்டார். என்னுடைய இடத்தில் நிரோஷா என்ற பெண் இருந்தார். நான் ஓய்வுபெற்ற பின் சேர்ந்தவர். என்னை அவருக்குத் தெரியாது. கேள்விகள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டார். அதே ஒழுங்கு. பிறகு, "அங்கிள், ஒருக்கா ஏறி இருந்து பின்னால பாருங்கோ. இது எங்கட கடை வழக்கம்," என்றார்.

ஏறினேன். இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் தோளுக்கு மேல் பாதியில் கழுத்து நின்றுவிட்டது. கௌரியைப் போல உடம்போடு திரும்ப முயன்றேன், முதுகும் மறுத்தது. அபிராமி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்குங்கோ அங்கிள், காணும்," என்றார் நிரோஷா. "உங்களுக்கு இது சரிவராது."

"அப்ப வீட்டை விக்கிறதுதானே, அப்பா?" என்றாள் அபிராமி மெதுவாக.

"அதை நான் சொல்லேல்லை," என்றார் நிரோஷா. "இழுக்கிற மொடல் ஒண்டு இருக்கு. வாயை மற்றப் பக்கம் திருப்பி வைச்ச மாதிரி. நீங்கள் முன்னுக்குப் பார்த்து ஓட்டலாம், அது பின்னால வாரிக்கொண்டு வரும்."

என் காலத்தில் அந்த வகையை நாங்கள் அரிதாகவே விற்றோம். கீழே குனிந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அபிராமி கைக்கடிகாரத்தைப் பார்க்குமளவு நேரம் பார்த்தேன். குறைகள் தெளிவாகத் தெரிந்தன. சக்கரங்கள் பனியை முதலில் மிதித்து இறுக்கும்; புளோவர் அதன்பின்தான் வரும். ஆகவே பனி ஆழமாகும்வரை காத்திருக்கக் கூடாது. பொழியும்போதே ஒருமுறையும் நின்றபின் ஒருமுறையும் போக வேண்டும். நிறைகளும் இருந்தன. கராஜ் கதவை ஒட்டிக் கிடக்கும் பனியை இழுத்து எடுப்பதில் இதற்கு நிகரில்லை. கதவுவரை சிறிது தூரம் ரிவேர்ஸ் எடுத்தால் போதும்.

"அதுக்கும் திரும்ப வேணுமே?" என்று அபிராமி கேட்டாள்.

"ரெண்டு கண்ணாடி பூட்டினால் காணும்," என்றேன். சிவநாதன் கேட்டதை நான் எனக்காக வாங்கினேன். ட்ரக்டருக்கு ஏற்றபடி, புளோவரை அதனோடு இணைக்கும் தண்டின் நீளத்தை அளந்து வெட்டித் தரும்படி நிரோஷாவிடம் சொன்னபோது, அவர் முதன்முறையாக என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"அங்கிள், நீங்கள் முந்தி என்ன வேலை?"

சொன்னேன்.

முதல் பனி

முதல் பனி ஒரு சனிக்கிழமை வந்தது. அபிராமி முந்திய நாளே வந்து தங்கியிருந்தாள். நிபந்தனையைப் பரீட்சிக்க வந்ததாகச் சொன்னாள். நான் முதலில் கோலால் பனியைத் துழாவியபடி ட்ரைவ்வே முழுவதும் நடந்தேன். ஒரு குப்பைத் தொட்டி மூடியும், பூச்செடியைச் சுற்றியிருந்த கற்களில் ஒன்றும் அகப்பட்டன. அவற்றை எடுத்து வைத்தபின்தான் ஏறினேன். கராஜிலிருந்து வீதிவரை முன்னோக்கி ஓட்டினேன். வேலை எளிதாக இருந்தது. வீடு என் பின்னால் இருந்தது.

வீதியில் பி.ரி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கித் திரும்பிப் பார்த்தேன். தடம் சுத்தமாக இருந்தது. சமையலறையில் விளக்கு எரிந்தது. ஏறுமுன் நானே போட்டு வைத்திருந்தேன்.

நான் வீட்டடிக்கு வந்ததும் அபிராமி வாசலுக்கு வந்தாள். "ஓகே அப்பா," என்றாள். "இந்த வருசம் இருங்கோ." பிறகு, சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்து, ட்ரைவ்வேயின் ஓரங்களைப் பனி வாரும் சவளால் நேராக்கினாள்.

திங்கட்கிழமை கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். கடையின் கேள்விகளோடு இன்னொன்றைச் சேர்க்கும்படி நிரோஷாவிடம் சொன்னேன்: ஓட்டுகிற நேரத்தில் வீட்டில் வேறு ஆர் இருப்பினம்?

"ஓம் அங்கிள், கேக்கிறன். தனிய எண்டால் உங்கட மொடல். சரி, ரெண்டு பேர் எண்டால்?"

"ரெண்டு பேர் எண்டால் பின்னால பார்த்து ஓட்டுறதையே குடுங்கோ," என்றேன். "கழுத்து நோகும். பரவாயில்லை."