வெளுத்துக்கொண்டே வந்த பெண்

போன ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். குத்தாலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் சித்தி மகள் சுமதி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கண்ணயரும்போது கரண்ட் போய்விட்டது.

ஃபேன் நின்றதும்தான் அந்தச் சத்தம் கேட்டது.

நறுக்... நறுக்...

எலியா? எலி இவ்வளவு நிதானமாகவா கடிக்கும்? கடிக்கிறது. நிறுத்துகிறது. மெல்லுகிறது. திரும்பவும் — நறுக்.

எழுந்து போனேன். கொல்லைப் பக்கம் நெல் மூட்டை அடுக்கும் பழைய மண்சுவர் அறை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டில், சுவரைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது ஓர் உருவம். முடி அவிழ்ந்து முதுகெல்லாம் பரவிக் கிடந்தது.

"யாழினி?" என்றேன். என் குரல் எனக்கே வித்தியாசமாகக் கேட்டது.

திரும்பினாள். சுமதியின் மகள்தான். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். முகம் காகிதம் போல இருந்தது. உதட்டைச் சுற்றி ஈர மண். சுவரில், அவள் முகம் எட்டும் உயரத்தில், கிண்ணம் போல ஒரு குழி.

"பெரியம்மா... அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

சொன்னேன். சுமதி அழவில்லை, அதிரவும் இல்லை.

"தெரியும்க்கா. மொதல்ல பச்சரிசிய அள்ளித் தின்னா. இப்ப மண்ணு. மாடி ஏறுனா பாதியிலயே உக்காந்துடுறா. கூப்பிட்டா வெறிச்சுப் பாக்குறா. வாய்க்கா மேட்டுல உச்சி வெயில்ல மயங்கி விழுந்தா பாருங்க... அன்னைக்குப் புடிச்சதுக்கா." குரலைத் தாழ்த்தினாள். "காத்து."

பேய் என்ற சொல்லை அந்த வீட்டில் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பூசாரி வருவதாக ஏற்பாடாம். அதற்கு முன்தினம் முழுக்கப் பெண்ணைப் பட்டினி போட வேண்டுமாம். அக்கம்பக்கத்துப் பெண்களோ வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள் — "பொண்ணு நல்லா வெளுத்துட்டு வருதே, என்ன க்ரீம் போடுற?"

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அதற்குப் பிறகு கொல்லைப் பக்கம் நான் தனியாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்!

மறுநாள் அந்தக் கிராமத்து சுகாதார நர்ஸை வரச் சொன்னேன். மலர்விழி என்று பெயர். யாழினியை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து, கீழ் இமையை விரலால் இழுத்தார். உள்ளே சிவப்பே இல்லை. இளநீர் வழுக்கையின் நிறம்.

"ஸ்கூல்ல வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை குடுக்குறாங்கல்ல? அதை என்னம்மா பண்ற?"

"துப்பிடுவேன் மிஸ்."

"ஏன்?"

"வயித்தப் பொரட்டுது. வெளிக்குப் போனா கறுப்பா இருக்கு. அதத் தின்னா பின்னால கொழந்தையே பொறக்காதாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

மலர்விழியின் முகம் மாறியது. "அப்ப எல்லாருமே துப்புறீங்களா?"

யாழினி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "இந்தப் பொண்ணு நடந்தா வந்துச்சு?" என்று கேட்டார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பூசாரி வருவதாக இருந்த வெள்ளிக்கிழமை, யாழினியின் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்த மண்ணு?" என்றாள் சுமதி.

"உடம்புல இரும்புச்சத்து கொறைஞ்சா சில பேருக்கு அப்படித்தாம்மா ஆசை வரும். மண்ணு, அரிசி, சாம்பல்..." என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்.

"நேத்து பட்டினி போட்டிருந்தா டாக்டர்?"

அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரமே ஊர்ப் பெண் பிள்ளைகளையும் அம்மாக்களையும் அங்கன்வாடிக்கு வரவழைத்தார் மலர்விழி. நானும் போயிருந்தேன். வெளியே மழை. உள்ளே பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு இமையாக இழுத்துக்கொண்டே போனார். வெளுப்பு... அடுத்ததும் வெளுப்பு... அதற்கடுத்ததும்.

"யாராவது அரிசி, மண்ணு, சாக்பீஸ் திங்கிறீங்களா? திட்ட மாட்டேன்."

பிறகு கடைசி வரிசையில் ஒரு கை மெதுவாக எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு முன் வரிசையில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே கைகள் எழுந்துகொண்டிருந்தன. ஒரே காத்து இத்தனை பேரையுமா பிடிக்கும்?

அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் அங்கன்வாடியில் கூடுகிறார்கள். அம்மாக்களே முறை வைத்துச் சமைக்கிறார்கள். முருங்கைக்கீரைக் கூட்டு, கடலை உருண்டை, எலுமிச்சம்பழச் சாதம். வயிறு நிறைந்த பிறகு எல்லோரும் ஒன்றாக மாத்திரை போடுகிறார்கள் — அப்போது புரட்டுவதில்லை. கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை, குழந்தை பிறக்காது என்பதும் வெறும் புரளி என்று புரிந்துவிட்டது. பூச்சி மாத்திரையும் உண்டு. மாத்திரையோடு டீ மட்டும் கூடாது.

தை மாதம் போனபோது யாழினி மாடிக்கு ஓடினாள். அம்மாவோடு சத்தமாகச் சண்டை போட்டாள். அந்தச் சண்டையை நான் ரசித்துக் கேட்டேன்!

அது ஒரு வியாழக்கிழமை. அங்கன்வாடியில் சுமதி கூட்டு பரிமாறிக்கொண்டிருந்தாள். மலர்விழி பிள்ளைகளிடம் சொன்னார்: "ரத்தம் ரொம்பக் கொறைஞ்சா காதுக்குள்ள யாரோ மூச்சு விடுற மாதிரி கேக்கும். அப்படி இருந்தா ஒடனே சொல்லணும்."

சுமதியின் கரண்டி அப்படியே நின்றது.

"அது... எல்லாருக்கும் கேக்குறதுதானே?" என்றாள். "எனக்கு இவ வயசுலேருந்தே கேக்குது. எங்கம்மாவுக்கும் கேக்கும்."

யாழினிதான் எழுந்துவந்து அம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தாள். தோளைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். இப்போது சுமதிக்கும் வைத்தியம் நடக்கிறது.

ஒரு வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே கோளாறு இருந்தால் அதை நோய் என்று நாம் சொல்வதேயில்லை... குடும்பச் சாயல் என்று சொல்லிவிடுகிறோம்!