நெர்மின் சிரித்த படம்

பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த ரமீசா நாற்பது வயதில்தான் முதல் கேமரா வாங்கினாள். எங்கள் போஸ்னியச் சுரங்க ஊரில் படமெடுக்க என்ன இருக்கிறது? கரி படிந்த குடியிருப்புகள், கலங்கிய ஆறு, வாயு வெடித்துச் செத்தவர்களின் நினைவுச்சின்னம். அவளுக்கு நினைவுச்சின்னம் பிடித்தது.

ஒரு மாலை மழை விட்டிருந்தது. பெயர்கள் வெட்டிய கருங்கல்லில் சாய்ந்தபடி ஓர் இளைஞன் போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஈரக்கல்லிலும் அந்தச் சிரிப்பு தெரிந்தது. ரமீசா எடுத்துவிட்டாள். வட்டாரப் படக்காரர்களின் இணையக் குழுவில் அதைப் போட்டு, "நான் கத்துக்குட்டி. குறை இருந்தா தயங்காம சொல்லுங்க" என்று எழுதினாள்.

"வெளிச்சம் அருமை." "கீழ கொஞ்சம் வெட்டியிருக்கலாம்." இப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு ஒருவர் எழுதினார்: "இது செத்துப்போன ஃபிக்ரெத்தோட மகன் நெர்மின்தானே? அப்பன் பேர் மேலயே சாஞ்சுக்கிட்டு இளிக்கிறான் பாரு."

அதற்குமேல் பேச்செல்லாம் அவனைப் பற்றித்தான்; படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் நெர்மின் மருத்துவமனைக்கு வந்தான். வரவேற்பு மேசையில் இருந்த நான் பல்வலி என்றுதான் நினைத்தேன்.

"ரமீசாக்கா, ஊரெல்லாம் அபிப்பிராயம் கேட்டீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ யாருன்னே எனக்குத் தெரியலப்பா. வெளிச்சம்தான் கண்ணுல பட்டுச்சு."

"எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு. அப்பாகிட்ட சொல்லலாம்னு அங்க போனேன். பொண்டாட்டி ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டு, உங்கப்பா மூக்கு அப்படியே இருக்குன்னா. சிரிச்சேன். இப்ப ரொட்டிக் கடையில எங்கம்மாவைக் கேக்குறாங்க, உன் மகனுக்கு அங்க என்ன அவ்வளவு சந்தோஷம்னு."

ரமீசா அவன் எதிரிலேயே படத்தை நீக்கினாள். அதற்குள் அது கைமாறிப் போயிருந்தது.

"நடந்ததை நான் எழுதிடட்டுமா?"

"வேணாம்கா. என் பொண்ணைப் பத்தியும் அவனுங்க பேசணுமா?"

நினைவு நாளன்று படமெடுக்க நகராட்சி ரமீசாவையே கூப்பிட்டது. தட்டிக்கழிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நெர்மின் தாயோடு வந்தான். கேமரா தன் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டான். பூ வைத்துவிட்டு நகரும்வரை அந்த இறுக்கம் தளரவில்லை. அவனை விட்டுவிட்டால் அதையும் பேசுவார்கள் என்று பயந்து அவள் எடுத்தாள்.

நகராட்சி வெளியிட்ட படங்களில் அதைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள். "இப்பத்தான் சோகம் சரியா வந்திருக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ரமீசா அதை என்னிடம் காட்டினாள். "அந்தக் குழந்தைக்கு என்ன பேர் வெச்சாங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல" என்றாள். உள்ளே மருத்துவர் கூப்பிட்டார். கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்.