மடிப்பைப் பிடித்த கை

கடுகண்ணாவையில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் காலைப் பனி கேட்காமலே உள்ளே வந்துவிடும். எனக்கு விமானப் பணிப்பெண் வேலை கிடைத்த நாளிலிருந்து அம்மா அந்தப் பனியையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"இதுக்குள்ள நின்னுதானே நீ டீ ஊத்திக் குடுக்கப் போற," என்பார். மேகத்தைத் தவிர வானத்தில் வேறெதுவும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும். பாதித் தூக்கத்தில் கேட்டபடி, மிதப்பது போலக் கிடப்பேன்.

முதல் பயணத்துக்கு முந்தின நாள், கண்டியில் தான் வேலை செய்யும் துணிக்கடையிலிருந்து அம்மா ஓர் உள்பாவாடை வாங்கி வந்தார். சீருடைச் சேலையின் அதே நீலம். வழவழவென்று சாட்டின்.

"காட்டன்தான் கட்டணும்மா. பயிற்சியில கண்டிப்பா சொல்லியிருக்காங்க."

"காட்டன் கட்டினா சேல கால்ல ஒட்டும். மூட்ட மாதிரி நடப்ப. உள்ளுக்குப் போடுறத யாரு பாக்கப் போறா?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பொறுமையாகச் சொல்லி விளங்க வைக்க நான் எப்போது பழகினேன்? பாவாடை ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, கேஸ் அடுப்பில் காட்டினேன். துணி சுருண்டது, உருகியது, தட்டில் சொட்டி விழுந்து கறுப்பாய் இறுகியது.

"பாத்தீங்களா? இது தோல்ல ஒட்டினா தோலோடதான் வரும். காட்டன் இப்பிடி உருகி ஒட்டாது. தீ பிடிச்சா ஆளுங்களையெல்லாம் இறக்கிட்டுத்தான் நாங்க இறங்கணும்."

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, ப்ளேன்ல தீ பிடிக்குமா?"

"ஐயோ, அப்பிடியெல்லாம் பிடிக்காதும்மா. பிடிச்சா என்ன செய்யணும்னுதான் சொல்லித் தாறாங்க."

"நீதான் கடைசியா இறங்கணுமா?"

தட்டில் இறுகியிருந்ததை நகத்தால் சுரண்டத் தொடங்கினேன்.

மறுநாள் காலையும் பனி வந்தது. ஜன்னல் கம்பி, அலுமாரி, என் பெட்டி எல்லாம் அதில் மங்கலாய் நின்றன. அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் சேலை கட்டும்போது எப்போதும் போலத் தரையில் உட்கார்ந்து, முன்மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். பிறகு உள்பாவாடையின் ஓரத்தை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

"காட்டன்தான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெளியே வேன் ஹார்ன் அடித்தது.

"விடுங்கம்மா, நேரமாகுது."

மடிப்பு நேராகத்தான் இருந்தது. அம்மா கையை எடுக்கவில்லை.