எருமை மேல் போட்ட பழி

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கடலைக்காயும் சோளமும் விளைகிற பக்கத்தில், ஆறுமுகசாமியின் குடும்பத்தைப் பற்றி ஊரார் இரண்டு விஷயங்கள் சொல்வார்கள். அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சிரித்துச் சிரித்துப் புரையேறும் என்பது ஒன்று. அந்த வீட்டு அம்மாள் பழனாத்தாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது இருந்திருக்காது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. பழனாத்தாளுக்கே அது தெரிய முப்பது வருஷம் ஆயிற்று.

அவள் பிறந்த வீட்டில் ஏப்பம் விடுவதற்குக்கூட எழுந்து வெளியே போவார்கள். கல்யாணத்தன்று அவளுடைய அம்மா காதோடு சொல்லி அனுப்பிய புத்திமதி ஒன்றே ஒன்று: "போற எடத்துல பல்லுத் தெரியாம இருந்துக்கோ அம்மிணி." மூன்றாம் நாள், உறவுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட, புதுப்பெண் பரிமாறிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிதானமாக ஒரு வெடி வெடித்துவிட்டு, பக்கத்தில் படுத்திருந்த பூனையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டார். பந்தியே உருண்டது. பழனாத்தாள் மட்டும் உதட்டை மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டு ரசத்தை ஊற்றினாள். அதை அவர் பார்த்துவிட்டார். இவளைச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அவரும், சிரித்துத் தொலைப்பதில்லை என்று அவளும் அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தக் குடும்ப வாழ்க்கை.

ஆறுமுகசாமி வெளியே கண்ணியமான ஆள். வாய்க்கால் தகராறுக்கு அவரைத்தான் நடுவில் உட்கார வைப்பார்கள். வீட்டுப் படியேறினால் அந்த ஆள் செருப்போடு வெளியே நின்றுவிடுவார். கைக்குழந்தை துணியை நனைத்தால், மண்டியில் சரக்கு பார்க்கிற வியாபாரி மாதிரி குனிந்து பார்த்து, "ஈரம் சாஸ்தி. ரெண்டு நாள் வெயில்ல போட்டாத்தான் எடுப்பாங்க" என்பார். பஸ் ஓடத் தொடங்கிய காலத்தில், பிருஷ்டத்திலிருந்து வருகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பஸ்ஸின் பெயர் வைத்தார். சத்தம் பெரிதானால் ஸ்டேட் பஸ். சத்தமே இல்லாமல் வந்தால் அது பாஸ்ட் பாசஞ்சர்: "எந்த ஸ்டாப்புலயும் நிக்காது, ஆனா வந்தது எல்லாருக்குந் தெரியும்." மகள் சுப்பாத்தாளும் மகன் சென்னிமலையும் சோற்றுக் கையோடு விழுந்து புரள்வார்கள். பழனாத்தாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "சோத்து முன்னால என்னுங்க இது" என்பாள். அவர்கள் காத்திருந்தது அதற்குத்தான். அவள் அதைச் சொன்ன பிறகுதான் சிரிப்பு முழுமையாகும்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் மூன்று வயது நல்லமுத்து காய்ச்சலில் போய்விட்டான். கடைசிப் பிள்ளை. அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு வாரத்துக்குப் பேச்சில்லை. எட்டு வயது சுப்பாத்தாள் தம்பி படுத்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே தட்டைத் தள்ளிவிடுவாள். ஒரு நாள் மத்தியானம், அதே மாதிரி தட்டைத் தள்ளினபோது, ஆறுமுகசாமியிடமிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. அவர் தலையைத் திருப்பி மாட்டுக் கொட்டகையைக் கவலையோடு பார்த்தார். "எருமைக்கு ஒடம்பு செரியில்லையாட்ட இருக்குது."

சுப்பாத்தாளுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயில் அவர் ஒரு கவளத்தை வைத்தார். அவள் விழுங்கினாள்.

பழனாத்தாள் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது, பிள்ளையைப் புதைத்து மண் காயவில்லை, அதற்குள் குசு விட்டு விளையாடுகிற ஒரு மனிதனை. மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு பேசினாள், மன்னிக்கவில்லை. அதுவரை அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அடக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

சென்னிமலை சித்தூர் காலேஜில் படித்து வாத்தியாரானான். படிப்பு அவனுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, அப்பாவைக் கண்டு கூசுவதற்கு. பெண் வீட்டார் வரப்போகிற அன்று கெஞ்சினான்: "ஐயா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் வாயையும் மத்ததையும் கட்டிட்டு இருங்க." அவர் கட்டிக்கொண்டு இருந்தார். நான்கு மணி நேரம் நடுகல் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டார் ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்பினார்கள்: பையன் தங்கம், அவனுடைய ஐயன்தான் சிடுமூஞ்சி, அந்த வீட்டில் பெண் எப்படிப் பிழைப்பாள்?

எழுபத்தாறு பங்குனியில், மோட்டார் போடப் போன ஆறுமுகசாமி கிணற்றடியில் விழுந்து கிடந்தார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டுவிட்டன. வாயில் "ஆ" என்ற ஒரு எழுத்துதான் மிச்சம். பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து கயிற்றுக் கட்டிலில் கிடத்தினார்கள்.

வீடு உடனே கோயிலாகிவிட்டது. சென்னிமலை உத்தரவு போட்டான்: ஐயனுக்கு முன்னால் யாரும் சத்தம் போடக்கூடாது, சிரிக்கக்கூடாது. பார்க்க வந்தவர்கள் செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எப்பேர்ப்பட்ட மனுசன் தெரியுமா" என்று, கேட்டுக்கொண்டிருக்கிற மனிதனைப் பற்றி இறந்த காலத்தில் பேசினார்கள். சுப்பாத்தாள் புருஷன் வீட்டிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்தாள். அவளும் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அழுதாளே தவிர, அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

முதல் தடவை அவர் படுக்கையிலேயே போனபோது பழனாத்தாள் பழந்துணியும் வெந்நீருமாக வந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் துடைத்து முடித்துப் போகும்வரை திறக்கவில்லை. மறுநாள் கஞ்சியைக் கொண்டுபோனபோது வாயையும் மூடிக்கொண்டார்.

நோயின் வீம்பு என்று முதலில் நினைத்தாள். மூன்றாம் நாள்தான் கணக்குப் பிடிபட்டது. உள்ளே போனால்தானே வெளியே வரும். கீழே அடைக்க முடியாதவர் மேலே அடைக்கிறார். ஊரார் பிள்ளைகளின் பீயிலெல்லாம் வேடிக்கை கண்ட மனிதருக்குத் தன்னுடையதில் ஒன்றும் காண முடியவில்லை. காண்பதற்கு எதிரில் யாராவது சிரிக்க வேண்டுமே. எல்லாரும்தான் கை கட்டி நிற்கிறார்களே.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சென்னிமலையை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்: இப்படியே சாப்பிடாமல் இருந்தால் பத்து நாள் தாங்காது.

பத்து நாளில் இரண்டு நாள் பழனாத்தாள் சாமிக்கு நேர்ந்துகொள்வதில் போனது. மூன்றாம் நாள் மாட்டுக் கொட்டகைக்குப் போய், எருமைக்கு முன்னால் நின்று, வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள். எருமை அசை போட்டுக்கொண்டே கேட்டது. பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க," என்றாள். "ஸ்டேட் பஸ்ஸு வந்துட்டுதுங்களா?"

அசல் பஸ்ஸைப் பற்றி விசாரிக்கிற குரலில்தான் அது வந்தது. அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். கடைக்கண்ணில் நீர் திரண்டு காதுப் பக்கம் வழிந்தது. பழனாத்தாள் சமையலறைக்குப் போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முப்பது வருஷம் சிரிக்காதவள் இப்போது வந்து பரிகாசம் பண்ணுகிறாள் என்றல்லவா எடுத்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலையில் சென்னிமலை பள்ளிக்கூடம் போய்விட்டான். சுப்பாத்தாள் ஊருக்குத் திரும்பியிருந்தாள். முதுகில் புண் வராமலிருக்க அவரைத் திருப்பிப் போட வேண்டும். பழனாத்தாள் குனிந்து, இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, அவருடைய தலை தன் தோளில் சாய, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். முந்தின நாள் சாயங்காலம் கொள்ளுப் பருப்பு சாப்பிட்டிருந்தாள்.

அது நீளமாக வந்தது. நடுவில் ஒரு முறை நின்று, யோசித்து, மறுபடியும் தொடர்ந்தது.

முப்பது வருஷத்தில் அவருக்கு முன்னால் அப்படி நடந்ததில்லை. முகத்தை மூடிக்கொள்ளக் கையில்லை. இரண்டு கையிலும் அவர் இருந்தார். ஓடவும் முடியாது, விட்டால் விழுந்துவிடுவார். உடம்பெல்லாம் வேர்க்க, என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, மரியாதையாகச் சொன்னாள்:

"எருமைங்க."

அவருடைய உடம்பு குலுங்கியது. இழுப்புத்தான் வந்துவிட்டது என்று பதறி முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வாயின் இடது பாதி காதுவரைக்கும் போயிருந்தது. வலது பாதி அப்படியே தொங்க, "ஆ… ஆ… ஆ" என்று கொட்டாவிக்கும் விக்கலுக்கும் நடுவே ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. எச்சில் அவள் தோளில் வழிந்தது. அந்தப் பாதி முகத்தைப் பார்த்ததும் பழனாத்தாளுக்குள் ஏதோ கழன்றது. பல் தெரிய, ஈறு தெரிய, மூக்கிலிருந்து சளி வர அவள் சிரித்தாள். இருவரும் கட்டிலில் சரிந்து கிடந்து சிரித்தார்கள். அது ஓய்ந்தபின் அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சியை எடுத்துவந்தாள். அவர் வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு அவள் வாயை யாராலும் மூட முடியவில்லை. தினமும் காலையில் துணி மாற்றும்போது ஒன்று சொல்வாள். சென்னிமலை ஒரு நாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு அவசரமாக உள்ளே வந்தான்.

"ஏனுங்கம்மா, ஐயங்கிட்ட இப்பிடியா பேசறது?"

"மருவாதையாத்தான்டா பேசறேன். ஒரு வார்த்தைக்கு ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசறேன், கேட்டுப் பாரு."

"பாக்க வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"சிரிக்க முடிஞ்சவங்க வரட்டும். கையக் கட்டிட்டு நிக்கறவங்களுக்கு இங்க வேலையில்லைன்னு சொல்லிப் போடு."

ஆடி நோன்புக்கு சுப்பாத்தாள் வந்தாள். அம்மா சிரிப்பதைப் பார்த்து முதலில் பயந்து, பிறகு தானும் சேர்ந்துகொண்டாள். மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பழனாத்தாள் கேட்டாள், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை: "நல்லமுத்து போனப்ப உங்க ஐயன் எருமையச் சொல்லி வெளையாடினாரே, நெனப்பிருக்குதா? எப்பிடி அம்மிணி மனசு வந்துது அவருக்கு?"

சுப்பாத்தாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவரு தெனமும் மாட்டுச்சாளைக்குள்ள போயி அழுவாருங்கம்மா. எருமை மேல மூஞ்சிய வெச்சுட்டு. நான் போய்ப் பாத்தா, ஈ கண்ணுல உழுந்திருச்சும்பாரு."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீங்கதான் அவருகூடப் பேசறதில்லீங்களே. சொன்னா எங்கூடவும் பேச மாட்டீங்கன்னு பயமா இருந்துது."

பழனாத்தாள் எழுந்து உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கேட்பதற்கு இருபத்தோரு வருஷத்துப் பேச்சு இருந்தது. பதில் சொல்வதற்கு அவரிடம் "ஆ" ஒன்றுதான் இருந்தது. அதனால் எதையும் கேட்காமல், அவருடைய விளங்காத வலது கையை எடுத்து மடியில் வைத்து விரல் விரலாக நீவிவிட்டாள். உணர்ச்சியில்லாத கை. அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ.

பங்குனியில் பத்து நாள் என்றார் டாக்டர். தைவரைக்கும் வந்துவிட்டார். பத்து மாதம். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்து சிரித்தது அந்தப் பத்து மாதம்தான். அதில் ஒருத்தருக்குப் பேச்சில்லை, பாதி முகமில்லை. இன்னொருத்திக்கு, இத்தனை வருஷம் என்ன செய்தோம் என்ற நினைப்பு ஒவ்வொரு சிரிப்பும் முடிகிற இடத்தில் வந்து நின்றது.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். பனி நன்றாக விழுந்த காலை. பழனாத்தாள் வெந்நீரும் துணியுமாக வந்து போர்வையை விலக்கினாள். அடியில் போட்டிருந்த துணி போட்டது போட்டபடியே உலர்ந்திருந்தது.

"ஏனுங்க," என்றாள். "இன்னிக்கு ஒண்ணுமே காணமுங்களே. எனக்கு லீவு உட்டுட்டீங்களாக்கும்?"

சொல்லிவிட்டு, வழக்கம்போல, இடது பாதி அசைவதற்காகக் காத்திருந்தாள். பனியில் காது அடைத்திருக்கும் என்று நினைத்து இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். பிறகு வெந்நீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்தத் துணியை உருவி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். சுத்தமாக இருந்த துணிக்குச் சோப்புப் போட்டு, கல்லில் கும்மி, மூன்று தண்ணீர் விட்டு அலசினாள். முறுக்கிப் பிழிந்து, உதறி, கொடியில் சுருக்கமில்லாமல் விரித்துப் போட்டாள். நுனியைக்கூட நீவிவிட்டாள். அதற்குப் பிறகுதான் வாசலுக்கு வந்து மகனைக் கூப்பிட்டாள்.