காராங் கூனியின் முதுகு

பாம் ஷெல்டரின் இரும்புக் கதவைத் திறந்ததும் பழைய செய்தித்தாள் வாசனை முகத்தில் வந்து விழுந்தது. உடனே சாத்திவிட்டேன். செங்காங்கில் எங்களைப் போன்ற வீடுகளில் இந்தச் சிறிய கான்கிரீட் அறை கட்டாயம் இருக்கும். போர் வந்தால் நாங்கள் ஒளிந்துகொள்ளக் கட்டியது. போர் வராததால் வேண்டாத சாமான்களை ஒளித்து வைத்திருக்கிறோம்.

போன மாதம் என் மகள் கயலுக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். நான்தான் இன்னும் சரியாகவில்லை. ஆஸ்துமா, வீட்டில் தூசி சேர விடாதீர்கள் என்றார் டாக்டர். எப்படியும் தீபாவளிக்கு வீட்டை ஒழிக்க வேண்டும். எங்கே தொடங்குவது? பெட்டியை நகர்த்தினால் தூசி கிளம்பும், அவளுக்கு இழுக்கும். நகர்த்தாவிட்டால் தூசி அங்கேயே இருக்கும், என்றைக்காவது இழுக்கும். இந்த யோசனையிலேயே சனி, ஞாயிறெல்லாம் போய்க்கொண்டிருந்தன.

"அப்பா, தெறக்கறீங்க, மூடறீங்க. அது என்ன ஃபிரிட்ஜா?" ஹாலிலிருந்து கயல் கேட்டாள்.

"தூசிம்மா. நீ மாஸ்க் போட்டுக்க."

"உள்ள போறது நீங்க, மாஸ்க் எனக்கா? சும்மா சாக்கு சொல்லாதீங்க லா."

சாக்கு! பழைய பேப்பர் வாசனையும் அந்தச் சொல்லும் சேர்ந்து வந்தால் எனக்கு ஞாபகம் வருவது ஒரே ஆள்தான்: காராங் கூனி.

நான் வளர்ந்தது தஞ்சோங் பகாரில், ஓர் அடுக்குமாடி வீட்டில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. தீபாவளி நெருங்கி அம்மா அலமாரிகளைக் கவிழ்க்கத் தொடங்கும் நாட்களில், கீழே ரப்பர் ஹார்ன் சத்தம் கேட்கும்: போம், போம். பின்னாலேயே ஒரு சீன அங்கிளின் குரல் இழுத்துக்கொண்டு வரும்: "காராங் கூனீ..." பழைய பேப்பர், பாடாத ரேடியோ, சுற்றாத மின்விசிறி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்.

எனக்கு அது தமிழாகத்தான் கேட்டது. கூனி என்றால் முதுகு வளைந்த பெண். இவர் ஆண், முதுகோ அளவுகோல் வைத்தது போல நேர். பிறகு ஏன் தன்னைத்தானே கூனி என்று ஊரெல்லாம் கூவுகிறார்? சட்டைக்குள் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்பட்டேன். ஒருநாள் அவர் எங்கள் வாசலில் தராசை எடுத்தபோது, பின்னால் போய் முதுகைத் தொட்டே பார்த்துவிட்டேன்.

சட்டென்று திரும்பி, "அப்பா?" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "அப்பா வேலைக்குப் போயிட்டாரு," என்றேன்.

மலாயில் 'அப்பா' என்றால் 'என்ன' என்று அர்த்தம். அம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் சந்தேகத்தைச் சொன்னதும் இன்னொரு தடவை சிரித்தார். "கூனி இல்லடா மக்கு, கோணி! கோணிப்பையத்தான் அவங்க அப்படிச் சொல்றாங்க."

அம்மா குத்துமதிப்பாகத்தான் சொன்னார். வெகுகாலம் கழித்து ஒரு மலாய் நண்பரிடம் கேட்டேன். காராங் என்றால் சாக்கு, கூனி என்பது சணல் சாக்கு என்றார். அப்படியானால் நம் கோணி மூட்டையோடு கப்பலில் வந்து இங்கே இறங்கிய சொல்லா அது? அல்லது இரண்டும் வேறெங்கிருந்தோ வந்தவையா? இன்றுவரை எனக்கு இந்தச் சந்தேகம் தீரவில்லை.

தீபாவளிச் சமயத்தில் அம்மா எல்லாப் பேப்பரையும் அவருக்குக் கொடுத்துவிட மாட்டார். ஒரு பேப்பர் கட்டை மட்டும் வாளியில் நனைத்து வைத்திருப்பார். அதைப் பார்த்ததும் அவர் கையை வீசுவார்: "பாசா, தாமாவு!" ஈரம், எனக்கு வேண்டாம். எடை கூட்டுவதற்காக நனைத்திருக்கிறாள் என்ற கோபம்.

"ஒனக்கு யாரு குடுத்தா தவுக்கே? இது எனக்கு!" என்பார் அம்மா, அவரை முதலாளியாக்கி. அவர் கண்ணெதிரிலேயே ஈரப் பேப்பரைப் பிழிந்து, கிழித்து, தரையெல்லாம் தூவி, துடைப்பத்தால் தள்ளுவார். தூசி எழும்பவே எழும்பாது. பேப்பரோடு ஒட்டி உருண்டு வரும்.

ஷெல்டர் கதவில் கை வைத்தபடி நின்றவனுக்கு இது அப்போதுதான் உறைத்தது. கதவைத் திறந்தேன். வாசனைக்குக் காரணமான பேப்பர் கட்டு, ராஃபியா கயிற்றோடு முன்னாலேயே இருந்தது. குளியலறைக்குத் தூக்கிப் போய் நனைத்து, பிழிந்து, கிழித்தேன்.

"அப்பா, க்ளீன் பண்றீங்களா, குப்ப போடறீங்களா?"

பெட்டிகளை ஈரத்துணியால் துடைத்து மெல்ல நகர்த்தினேன். பேப்பரைத் தூவிப் பெருக்கினேன். நாலு தள்ளுக்கு ஒருமுறை நின்று ஹாலை எட்டிப் பார்த்தேன்.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. மூச்சு..."

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

தூசி சாம்பல் நிறப் புழுக்களாக உருண்டு வந்தது. பார்க்க அருவருப்பு, எனக்கோ ஆனந்தம். சாயங்காலம் ஷெல்டரின் தரை தெரிந்தது. பழைய மின்விசிறியும் ரேடியோவும் வாசலுக்கு வந்துவிட்டன.

கைகழுவிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். எதற்கு நிற்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு அந்த ஹார்ன் வருவதில்லை. இப்போது போனில் படம் எடுத்து அனுப்பினால் ஓர் இளைஞர் வேனில் வருகிறார், காலிங் பெல் அடிக்கிறார், தேங்க் யூ சொல்கிறார். சாக்கும் இல்லை, கூவலும் இல்லை. நான் நனைத்ததுதான் வீட்டிலிருந்த கடைசிப் பேப்பர் கட்டு. செய்தியெல்லாம் போனில் வருகிறது. அடுத்த தீபாவளிக்கு எதை நனைப்பது?

ஒரு காதைக் கீழே சாலைக்கும் ஒரு காதைப் பின்னால் கயலுக்கும் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இழுப்புச் சத்தம் இல்லை. ஹார்ன் சத்தமும் இல்லை.