ஆன்டி என்றே கூப்பிடு

ரவாங்கில் கொமுட்டர் ரயிலுக்குக் காத்திருந்தபோது தேவா அழைத்தான். "ஆன்டி போயிட்டாங்க லா." எந்த ஆன்டி என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே ஆன்டிதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் சரோஜா ஆன்டி. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பெற்றோரால் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளைச் சமூகநல அதிகாரிகள் அவர் வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். நானும் தேவாவும் அப்படி வந்தவர்கள்.

வந்த அன்று எனக்கு ஒன்பது வயது. அம்மா காஜாங்கில் சிறையில் இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து, "அந்தப் பிள்ள என்ன ஆளுங்கன்னு கேட்டியா சரோ?" என்றார்.

"பசிக்கிற ஆளுங்க. சோறு போடப் போறேன், நீங்களும் வரீங்களா?" என்றார் ஆன்டி.

அந்த அக்கா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர். நம் ஆட்கள் இந்தக் கேள்வியை இன்னும் விடவில்லை.

ஆன்டி எனக்குச் சாம்பார் ஊற்றியபோது, நல்ல பெயர் வாங்கலாம் என்று அவரை "அம்மா" என்றேன். கரண்டி நின்றது. "ஒனக்கு அம்மா இருக்காங்க. என்னை ஆன்டின்னே கூப்பிடு."

மாதந்தோறும் காஜாங்குக்கு அழைத்துப் போவார். அதற்குமுன் தலையை இறுக்கிப் பின்னுவார்.

"வலிக்குது ஆன்டி."

"ஒரு முடி பறக்கக் கூடாது. பிள்ளைய எப்படி வச்சிருக்கேன்னு ஒங்கம்மா பாப்பாங்க இல்ல?"

அம்மா விடுதலையானபோது, போகமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். ஆன்டி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "ஞாயித்துக்கெழம கோழி சமைப்பேன். வரலன்னா ரெண்டு காலையும் தேவா தின்னுடுவான்."

ஞாயிறுதோறும் போனேன். பிறகு அம்மாவும் வரத் தொடங்கினார்.

இறுதிச் சடங்கில், "பிள்ளைங்க வந்து வாய்க்கரிசி போடுங்க," என்றார் சடங்கு செய்பவர்.

"அத்தைக்குப் பிள்ளைங்க இல்ல," என்று முன்னே வந்தார் ஆன்டியின் அண்ணன் மகன். கண்டவன் பிள்ளைகள் இருக்கும் வீடு என்று அந்த வாசலை மிதிக்காதவர், பிணத்துக்கு மட்டும் சொந்தக்காரர். நான் வாய் திறப்பதற்குள் அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"இருக்காங்க தம்பி. வழி விடுங்க. போடி, ஒன்ன வளத்தவங்க."

அவர் விலகினார். என் பின்னால் தேவா வந்தான். அவன் பின்னால் அந்த வீட்டில் சோறு தின்ற எல்லோரும் வந்தார்கள்.

குனிந்து அரிசி போட்டேன். ஒரு முடிகூட முகத்தில் விழவில்லை. காலையில் அம்மாதான் பின்னிவிட்டிருந்தார், வலிக்கும் அளவுக்கு இறுக்கி.

போயிட்டு வாங்க, ஆன்டி.